என் மனைவியின் நூலகத்தை நான் கேன்சல் செய்த விதம்

பதற்றம் வந்தால் எனக்கு நெஞ்சு படபடக்காது, வியர்க்காது. கை மட்டும் சும்மா இருக்காது. எதையாவது அழுத்தும். கல்ஃபில், அல் ஐன் ஊரில் இத்தனை வருடமாக ஏசி மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒரு மெஷின் நின்றுவிட்டால், என்ன காரணம் என்று பார்ப்பதற்கு முன்பே ரீசெட் பட்டனை நான்கு தடவை அழுத்திவிட்டுத்தான் யோசிக்க ஆரம்பிப்பேன். கூட இருக்கும் டெக்னீஷியன்கள் "சூப்பர்வைசர் ஜெபம் பண்ணுறாரு, யாரும் பேசாதீங்க" என்பார்கள். ஏசிக்கு அந்த ஜெபம் பல நேரம் பலித்திருக்கிறது. புத்தகங்களுக்குப் பலிக்காது என்பதைப் போன வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

புத்தகம் என்றால் தாள் புத்தகம் இல்லை. என் மனைவி இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் பிறந்தநாளுக்கு ஒரு வேத ஆராய்ச்சி நூலகம் வாங்கிக் கொடுத்தேன். வேதாகமத்தை வாசிக்க மட்டும் என்றால் இலவசச் செயலியே போதும். விளக்கவுரை, அகராதி, வரைபடம், மூலமொழிச் சொல்லுக்குப் பொருள் என்று ஆழமாக இறங்க வேண்டுமானால், அதற்கென்றே தனிச் செயலி வைத்து, அதற்குள் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

அவள் கேட்டது ஒரே ஒரு புத்தகம். வேதாகமத்தில் கடித வடிவில் இருக்கும் நிருபங்களில் ஒன்றுக்கு எழுதிய விளக்கவுரை. நான் விலையைப் பார்த்தேன். அந்தப் புத்தகம் தனியாக ஒரு விலை. அது அடங்கிய கட்டு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஹைப்பர்மார்க்கெட்டில் ஷாம்பு வாங்கப் போனால் இரண்டு ஷாம்புவையும் ஒரு பக்கெட்டையும் சேர்த்து டேப் சுற்றி வைத்திருப்பார்களே, அதே கணக்குதான். கல்ஃபில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு டேப் சுற்றியதைக் கண்டால் கை தானாக நீளும். கட்டுகளில் நான்கு அளவு. கம்பெனி வைத்த பெயர்கள் கம்பீரமாக இருந்தன. என் வசதிக்கு நான் சின்னது, நடுத்தரம், பெரிசு, யானை என்று வைத்துக்கொண்டேன். சின்னதை வாங்கினேன். அவள் கேட்ட புத்தகம் ஒன்று, கேட்காத புத்தகங்கள் நூற்றுச் சொச்சம் உள்ளே இருந்தன.

"எகிப்து நாட்டுக் கல்வெட்டெல்லாம் இருக்கே, இத யாரு வாசிக்க?" என்றாள்.

"அத பக்கெட்டுன்னு வச்சுக்கோ."

கல்வெட்டை அவள் தொடவில்லை. கேட்ட புத்தகத்தை விடவில்லை. மருத்துவமனை பஸ்ஸில், டீ பிரேக்கில், நான் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் என்று எப்போதும் அதில்தான் இருப்பாள். ஆங்கில வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் குறி போடலாம். அதைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கும். அதற்குள் தமிழில் எழுதி வைப்பாள். மூன்று வருடத்தில் அந்தப் புத்தகம் மஞ்சள் காய்ச்சல் வந்தது போல ஆகிவிட்டது.

இனி எங்கள் சபை. தேவாலய வளாகத்தில் ஒரு ஹாலில் வெள்ளிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம் தமிழுக்கு. எங்களுக்கு முன்னால் மலையாளம், பின்னால் உருது. நாட்டில் வார விடுமுறை சனி ஞாயிறுக்கு மாறிய பிறகும் எங்களுக்கு வெள்ளிதான். வேறு நேரம் கேட்டால் 'மாஃபி', இல்லை என்றுதான் பதில். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் பாட்டு, ஜெபம், அறிவிப்பு, செய்தி என்கிற பிரசங்கம் எல்லாம் முடித்து நாற்காலியை நேராக்கிவிட்டு வெளியே வர வேண்டும். பெண்கள் பாடுவார்கள், ஜெபிப்பார்கள், டீ கொண்டு வருவார்கள். நான் இருக்கும் இத்தனை வருடத்தில் ஒரு பெண் மேடையில் நின்று செய்தி கொடுத்ததில்லை.

போன வருடம் பாஸ்டர் லீவில் ஊருக்குப் போனபோது ஒரு வெள்ளி காலியாக நின்றது. கமிட்டி மூன்று தடவை கூடிப் பேசி, அன்று செய்தி கொடுக்க முடியுமா என்று என் மனைவியைக் கேட்டது. கேட்டவர் எங்கள் செக்ரட்டரி. நல்ல மனிதர். ஆனாலும் போகிற போக்கில் என்னிடம் மட்டும் தனியாக, "சிஸ்டர் நேரத்துக்கு முடிச்சிருவாங்கள்லா?" என்றார். பாஸ்டர் ஒரு நாளும் நேரத்துக்கு முடித்ததில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்றபடி, "என்ன பேசப்போறேன்னு எனக்கு மூணு வருசமா தெரியும்" என்றாள்.

அந்த நிருபத்தில் ஒருவர் வருகிறார். நீளமான பெயர். நம்மவர்கள் பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு பெயர் இருந்தால் விசா விண்ணப்பம் அடிக்கும் டைப்பிங் சென்டரில் மூன்று தடவை எழுத்துக் கூட்டுவார்கள். ஊர்க்காரர்கள் கொடுத்தனுப்பிய உதவியோடு தூர தேசத்துக்கு வந்து, வந்த இடத்தில் சாகக் கிடந்தவர். நோயைவிட அவரைத் தவிக்க வைத்தது வேறொன்று. தனக்கு உடம்பு சரியில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்ற தவிப்பு.

"இது நம்ம ஆளுவ கததான?" என்றாள். "வார்டுல தெனமும் பாக்கேன். காலுல கட்டு போட்டுக்கிட்டு, 'சிஸ்டர், வீட்டுக்குப் பேசணும், மிஷின் சத்தம் கேக்காத எடமா கூட்டிட்டுப் போங்க'ங்கான்."

பேச மூன்று வாரம் இருந்தது. அவளுடைய மூன்று வருடக் குறிப்புகள் அந்தச் செயலிக்குள் இருந்தன. செயலியின் கணக்கு என் மெயிலில் இருந்தது. ஆபத்து எங்கே குடியிருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

கடைசி வாரத்தில் கம்பெனியிடமிருந்து அந்த மெயில் வந்தது. நடுத்தரக் கட்டுக்கு ஆஃபர். மேலே ஒரு விலையை எழுதி, குறுக்கே கோடு போட்டு, கீழே அதில் பாதிக்கும் குறைவாக இன்னொரு விலை. 'உங்களுக்கு மட்டும்' என்று வேறு. எனக்கு மட்டும் ஏன்? நான் என்ன அவர்களுக்குச் சம்பந்தியா? கீழே பொடி எழுத்தில், உங்களிடம் ஏற்கெனவே உள்ள புத்தகங்களின் மதிப்பு கழிக்கப்பட்டுள்ளது என்றிருந்தது.

கழிக்கப்பட்டுள்ளது என்றால்? பழைய ஃபோனைக் கொடுத்துப் புதியது வாங்கினால் பழையதன் மதிப்பைக் கழிப்பார்கள். அதுபோல என்றால் பழைய கட்டை நான் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? 'இங்கே கொடுக்கவும்' என்று ஒரு பட்டனும் இல்லை. எனக்குச் சந்தேகம். பணத்தை வாங்கிக்கொண்டு, பழையது இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதே, புதியது ஏறாது என்று சொல்லிவிட்டால்? பேச்சுக்கு முன்னால் அவளுக்கு ஆச்சரியமாகக் கொடுக்க நினைத்தேன். ஆச்சரியம் என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே.

ஆலோசனை கேட்கப் போனது மார்க்கெட் பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் நண்பரிடம். புதுக்கோட்டைக்காரர். விசா, எமிரேட்ஸ் ஐடி, லேபர் கார்டு என்று இந்த ஊரில் பாதிப் பேரின் வாழ்க்கை அவர் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. நெற்றியில் விபூதி, காதில் பேனா. வேத நூலகத்தைப் பற்றி அவரிடம் போய்க் கேட்டேனே என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று அவர்தான் நிபுணர் என்று தோன்றியது.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மெயிலைப் படித்தார்.

"அண்ணே, இது வெரி சிம்பிள். பழைய கம்பெனில விசா இருக்கு. புது கம்பெனிக்குப் போறீங்க. மொதல்ல என்ன பண்ணணும்?"

"கேன்சல்."

"பண்ணாம?"

"புதுசு ஏறாது."

"அவ்ளோதாண்ணே! சிஸ்டம்ல ரெண்டு காட்டுனா ரிஜெக்ட் ஆயிரும். ஒங்க பழைய பேக்கேஜ கேன்சல் பண்ணச் சொல்லி ரிக்வெஸ்ட் போடுங்க. கேன்சல் பேப்பர் கைக்கு வந்ததும் புதுசு எடுங்க. யல்லா, கெளம்புங்க."

"பணம் திருப்பிக் குடுப்பாங்களா?"

"மூணு வருசம் ஓட்டுன வண்டிக்கு எவன்ணே திருப்பிக் குடுப்பான்? கேக்காதீங்க. மரியாதையா வெளிய வந்துருங்க."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த விளக்கவுரையிலும் படித்ததில்லை. வெளியே வந்து வேனில் உட்கார்ந்து, ஏசியைப் போட்டு, அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் உதவிக்கு மெசேஜ் போட்டேன். எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. மறுமுனையில் ஒருவர் மிகப் பொறுமையாக எழுதினார்.

என் பழைய கட்டைக் கேன்சல் செய்ய வேண்டும் என்றேன். வாங்கி வெகுநாள் ஆகிவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது என்றார். பணம் வேண்டாம், கேன்சல் போதும் என்றேன். புத்தகங்களில் ஏதாவது குறையா என்று கேட்டார். இல்லை, மிக நல்ல புத்தகங்கள் என்றேன். உங்கள் பார்வையிலிருந்து மறைத்து வைத்தால் போதுமா என்று கேட்டார். மறைத்தல் எல்லாம் நம்மிடம் கிடையாது, முறைப்படி முழுதாக நீக்குங்கள் என்றேன். கடைசியாக, நிச்சயம்தானா என்று கேட்டார். தயவுசெய்து விரைவில் ஆவன செய்யவும் என்று கடிதத் தமிழை அப்படியே ஆங்கிலமாக்கி அனுப்பினேன். பணமும் கேட்காமல், குறையும் சொல்லாமல், தன் நூலகத்தைத் தானே எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சும் ஒருவனை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

நீக்கிவிட்டார்கள். மெயில் வந்தது. கேன்சல் பேப்பர்!

வேலையை ஒழுங்காக முடித்த திருப்தியோடு ஆஃபர் பக்கத்தைத் திறந்தேன். எனக்கு மட்டும் இருந்த விலை இல்லை. கோடு போட்ட விலைதான் இருந்தது, கோடு இல்லாமல். பக்கத்தைப் புதுப்பித்தேன். அதே விலை. மறுபடி. மறுபடி. என் கை ஜெபத்தில் இறங்கிவிட்டது. பிறகு என் ஃபோனில் செயலியைத் திறந்தேன். அலமாரி காலி. கல்வெட்டு இல்லை, அகராதி இல்லை. அவள் புத்தகம் இல்லை. அந்தப் புத்தகம் இல்லையென்றால் அதிலிருந்த மஞ்சள்?

வேனின் ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக்கூட இரண்டு தடவை ரீசெட் செய்தேன்.

மறுபடி டைப்பிங் சென்டருக்குள் ஓடினேன். நண்பர் என் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார்.

"வெல ஏறிடுச்சு, புத்தகமும் போச்சு" என்றேன்.

"புதுசு ஏறலையா?"

"நீங்கதான கேன்சல் பண்ணச் சொன்னிய!"

"விசாவுக்குச் சொன்னேண்ணே! எனக்கு அது என்ன சிஸ்டம்னு தெரியுமா?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அக்காவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்பன்னா, விசா முடிஞ்சாலும் கொஞ்ச நாள் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி ஒங்களுக்கு கிரேஸ் பீரியட் இருக்குண்ணே. அவங்க ஃபோன்ல அந்தப் புத்தகமெல்லாம் டவுன்லோட் ஆகித்தான இருக்கும்? நெட்டு வந்தாத்தானே அழியும்?"

இரண்டாவது தடவையும் அவர் யோசனையைக் கேட்டேன். குற்றவாளி நான்தான், அவரை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அன்று ஓய்வு நாள். குளித்துக்கொண்டிருந்தாள். ஃபோன் சார்ஜில் கிடந்தது. எடுத்து, ஏரோப்ளேன் படத்தை அழுத்தி, நெட்டையும் சிக்னலையும் ஒருசேர வெட்டிவிட்டு, திருப்பி வைத்தேன். அதற்குள் உதவிக்கு மெசேஜ் போட்டு எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடலாம் என்பது திட்டம். சோஃபாவில் உட்கார்ந்து, செய்தித்தாள் பார்ப்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் செய்தித்தாள் வாங்குவதில்லை. கையில் இருந்தது பீட்சாக் கடை நோட்டீஸ்.

இருபது நிமிடம் கழித்து என் ஃபோன் அடித்தது. அவள் வார்டு இன்சார்ஜ், மலையாளி அக்கா.

"சேட்டா, சிஸ்டர் எவிடே? எத்தன தடவ விளிச்சு, ஃபோன் கிட்டுன்னில்ல! வெள்ளியாழ்ச்ச லீவ் வேணும்னு கேட்டதல்லே. இன்னு நைட் ட்யூட்டி வந்தா வெள்ளி ஃப்ரீ. இல்லெங்கில் ஞான் வேற ஆளுக்குக் கொடுக்கும். பத்து மினிட், கேட்டோ?"

குறிப்புகளைத்தான் காணோம் என்று நினைத்தால், அவள் பேச வேண்டிய வெள்ளிக்கிழமையையே நான் ஏரோப்ளேனில் ஏற்றி அனுப்பப் பார்த்திருக்கிறேன். குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"ஏட்டி, நைட் ட்யூட்டிக்கு வாரியான்னு கேக்காவ! வந்தா வெள்ளிக்கெழம லீவாம்!"

"வாரேன்னு சொல்லுங்க, சொல்லுங்க!"

சொன்னேன். வெள்ளி தப்பித்தது. தலையில் துண்டோடு வந்தவள் ஃபோனைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் நின்றாள்.

"அவ்வோ ஏன் ஒங்களுக்கு அடிச்சாவ? என் ஃபோனு ஏன் ஏரோப்ளேன்ல கெடக்கு?"

"பேட்டரிக்கு நல்லதுன்னு..."

"என்ன செஞ்சிய?"

"ஒண்ணுமில்ல."

"நோட்டீச தலகீழா வச்சிருக்கிய. என்ன செஞ்சிய?"

சொன்னேன். ஆஃபரிலிருந்து ஆரம்பித்து டைப்பிங் சென்டர் வழியாகக் கேன்சல் பேப்பர் வரை. நடுவில் எங்கெங்கே சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேனோ அங்கெல்லாம் நிறுத்திப் பார்த்தேன். வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஃபோனில் புத்தகம் இன்னும் இருந்தது. பக்கம் பக்கமாக மஞ்சள். நெட் இல்லாத வரை இருக்கும்.

"இத இப்படியே வச்சுக்கிட்டா?" என்றேன்.

"வெள்ளி வரைக்கும் வார்டுல இருந்து யாரும் கூப்பிட வேண்டாமா?"

அவளே அந்தப் படத்தை அழுத்தினாள். சிக்னல் வந்தது. மூன்று தவறிய அழைப்புகள் டிங் டிங் டிங் என்று விழுந்தன. அடுத்து எங்கள் கண் முன்னால், தட்டில் இருந்து இட்லியை எடுப்பது போல ஒவ்வொன்றாகப் புத்தகங்கள் போயின. கடைசியில் அதுவும் போயிற்று.

"எழுதுனதெல்லாம்?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, ஃபோனைக் கேட்டாள்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு, ஐடி கார்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு, "வேண்டாம், நீங்க ஒண்ணையும் தொடாதிய" என்றாள்.

ஆனால் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டியிருந்தது. மறுபடி உதவிக்கு எழுதினேன். இந்தத் தடவை ஆவன செய்யவும் இல்லை, முறைப்படியும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன். இந்த நாட்டில் பழைய விசாவை எடுத்தால்தான் புதியது வரும், அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன், அவை என் மனைவியின் மூன்று வருடக் குறிப்புகள், அவள் இன்னும் சில நாளில் பேச வேண்டும் என்று.

மறுமுனையில் வேறொருவர். சிரித்திருப்பார். எழுத்தில் தெரியவில்லை. பொறுமையாக விளக்கினார். மேலே உள்ள கட்டு என்பது கீழே உள்ள கட்டின் பெரும்பாலான புத்தகங்களோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. உங்களிடம் எவை உண்டோ அவற்றுக்கு மறுபடி பணம் கேட்பதில்லை, இல்லாதவற்றுக்கு மட்டும்தான். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விலை. எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. உங்களிடம் இருப்பதுதான் விலையைக் குறைக்கிறது. அதை நீக்கச் சொன்னதால் நீங்கள் எங்களுக்குப் புது ஆள் ஆகிவிட்டீர்கள்.

புரிந்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்கு மதிப்பு உண்டு என்று ஒரு கம்பெனி சொல்வதை நான் இந்தப் பாலைவனத்தில் முதல் தடவையாகக் கேட்டதால்தான் புரியாமல் போயிற்று.

நீக்கியதை மறுபடி ஏற்ற அவருடைய மேலாளர் ஒப்புதல் வேண்டும், நாளை ஆகலாம் என்றார். நாளை ஆகட்டும், குறிப்புகள் என்ன ஆயின என்று கேட்டேன். கேட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். பதிலைப் பார்க்கத் தைரியம் இல்லை. கை சும்மா இருக்கவில்லை. ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன்.

நிமிர்த்தினேன். 'குறிப்புகள் எங்களுடையவை அல்ல, உங்களுடையவை. புத்தகத்தோடு போகாது' என்றிருந்தது. செயலியின் ஓரத்தில் குறிப்புகளுக்கென்று தனி அறை இருக்கிறதாம். புத்தகம் இல்லாதபோது அவை வரிக்குப் பக்கத்தில் தெரியாது, ஆனால் அந்த அறைக்குள் இருக்கும். பென்சிலில் ஓரத்தில் எழுதிய புத்தகத்தைப் பழைய கடைக்குப் போட்டால் எழுத்தும் சேர்ந்து போகுமே, அந்த நினைப்பிலேயே நான் இருந்திருக்கிறேன்.

அந்த அறையைத் திறந்தேன். எல்லாம் இருந்தன, வரிசையாக, தேதியோடு. இறங்கிக்கொண்டே இருந்தது பட்டியல். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஒன்றைத் தொட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. தொட்டதில் இப்படி இருந்தது:

'நம்ம வீட்டு ஆளு, கிட்னில கல்லு வந்த வருசம். வலிக்கு அழல. ஊர்ல அம்மாவுக்குச் சொன்னது யாருன்னு பெட்ல படுத்துக்கிட்டே மூணு நாள் விசாரணை. டிரிப் ஏறுத கையால போனு பண்ணி எல்லாரையும் மிரட்டல். அம்மா பயந்துருவாங்களேன்னு பயம். பயத்த கோவமாத்தான் காட்டத் தெரியும்.'

என் விரல் அழிக்கும் பட்டனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் அழுத்தாமல் விலகியது.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். டீ பிரேக்கில் கேன்டீன் வாசலுக்கு வந்தாள். அந்தப் பட்டியலைத் திறந்து நீட்டினேன். முதலில் நின்றபடி பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு" என்றாள்.

"எல்லாம் இருக்கு. நாளைக்கு புத்தகமும் வந்துரும்."

"வாசிச்சியளா?"

"ஒண்ணு மட்டும்."

எது என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அத வெள்ளிக்கெழம சொல்லட்டுமா? வேண்டாம்னா விட்டுருதேன்."

"சொல்லு. ஆனா மிரட்டுனேங்கது கொஞ்சம் ஓவரு."

"நர்ஸ் ரிப்போர்ட்டுல ஓவர் கெடையாது."

மறுநாள் புத்தகங்கள் திரும்பி வந்தன. கூடவே எனக்கு மட்டுமான விலையும் வந்தது. அவள் வாங்க விடவில்லை. இருக்கிற நூறில் இதுவரை இரண்டைத்தான் திறந்திருக்கிறாளாம். நடுத்தரத்தில் அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு அகராதி. அதைத் தனியாக வாங்கினேன். வாங்கிய மறு நிமிடமே நடுத்தரத்தின் விலை இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது. மனிதனை எங்கே தட்டினால் திறப்பான் என்று தெரிந்தவர்கள்தான் இதைச் செய்திருக்கிறார்கள். நான் மெயிலை மூடிவிட்டேன். அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் வந்தவர்கள் பின்னால் நின்றார்கள். அவள் டேப்லெட்டை மேடையில் வைத்துவிட்டு அதை அதிகம் பார்க்காமலேயே பேசினாள். அந்த நீளப் பெயர்க்காரரின் வழிப் பயணம், காய்ச்சல், ஊருக்குப் போன செய்தி. பிறகு கிட்னிக் கல். மொத்தச் சபையும் திரும்பி என்னைப் பார்த்தது. கையை உயர்த்தி நான்தான் என்று காட்டினேன். செக்ரட்டரி சிரித்ததில் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். அவர் நினைவு வந்து பார்த்தபோது அவள் முடித்து, ஜெபமும் செய்துவிட்டாள்.

வெளியே வளாகத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கேம்பிலிருந்து வந்த ஒருவர் அவளிடம் தயங்கித் தயங்கி வந்தார். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர், சாரம் கட்டும் வேலை. வலது கையில் மாவுக்கட்டு.

"சிஸ்டர், விழுந்து மூணு வாரமாச்சு. வீட்ல சொல்லல. ஃபோன்ல கேமரா ரிப்பேருன்னு சொல்லி வச்சுருக்கேன்."

"இப்ப சொல்லிருதியளா? நான் பக்கத்துல நிக்கேன்."

அவர் இடது கையால் ஃபோனை எடுத்தார். எண்ணை அழுத்த வரவில்லை. நான் அழுத்திக் கொடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்க, இந்நேரத்துல? ட்யூட்டி இல்லையா?" என்று ஒரு பெண் குரல்.

"இல்ல புள்ள. வந்து... கையில லேசா அடி."

"எந்தக் கை?"

"பயப்படாத. சரியாப் போச்சு."

"எந்தக் கைன்னு கேட்டேன்!"

"வலது."

பிறகு அணை திறந்தது. கேமரா ரிப்பேர் என்றபோதே தெரியும் என்றாள், மூன்று வாரமாக ஓவர்டைம் என்று சொன்ன வாயில் என்ன வைப்பது என்றாள், பிள்ளைகள் கேட்டால் தான் என்ன சொல்வது என்றாள். அவர் "ஆமா புள்ள, ஆமா புள்ள" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். என் மனைவி ஃபோனை வாங்கினாள்.

"அக்கா, நான் இங்க ஆஸ்பத்திரில நர்ஸு பேசுதேன். எலும்பு நல்லா கூடிரும். இன்னும் மூணு வாரத்துல கட்டப் பிரிச்சிருவாவ. நான் பாத்துக்கிடுதேன், என் நம்பரு தாரேன், எப்ப வேணாலும் அடிங்க."

அந்தக் குரல் கொஞ்சம் தணிந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரிங்க சிஸ்டர். அவுகட்ட குடுங்க" என்றது. அவர் வாங்கிக் காதருகே வைத்தார். ஸ்பீக்கரை அணைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"மூணு வாரமா சோறு எப்புடித் திங்கிறீங்க?"

"எடக்கையாலதான்."

"எடக்கையாலயா!" என்று அந்தக் குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.